ஹோல்டு

மஞ்சக்குப்பத்தில் முதல் கடை போட்டபோது
கல்லாவும் நான், கணக்கும் நான்,
தராசு முள்ளும் ஏறக்குறைய நான்தான்.
கூத்தப்பாக்கத்தில் இரண்டாவது.
தேவனாம்பட்டினம் போகிற சாலையில்
மூன்றாவதற்கு ஷட்டர் தூக்கிய அன்று
மூன்றுக்கும் ஒரே பச்சை போர்டு,
உப்பிலிருந்து ஊதுபத்தி வரை ஒரே விலை.
பேங்கில் ‘செயின்’ என்று எழுதிக்கொண்டார்கள்.
கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
என்னுடையது அவர்கள் லாக்கரில்தான் இருந்தது.

கடன் அன்பை முறிக்கும் என்று
எழுதிக்கூட மாட்டவில்லை.
பில் மெஷினில் கடனுக்குப் பொத்தானே கிடையாது,
அது போதாதா?

விடியுமுன் அஞ்சாபுலியின் வண்டி
பண்ருட்டி ரோட்டிலிருந்து பருப்போடு வரும்.
ஒரு கடையில் இட்லி அரிசி தீர்ந்திருக்கும்,
இன்னொன்றில் அதே மூட்டையை
எலி பிரித்திருக்கும்.
கூத்தப்பாக்கத்தில் ஓட்ஸ் கேட்பார்கள்.
மூன்றாவதில் புளி.
புளி, மறுபடியும் புளி.

சித்திரையில் அந்தப் புளி படுத்துவிட்டது.
காரணம் கேட்டு போன் பண்ணினேன், இந்த ஊர்க்காரி,
வெட்கமில்லாமல்.
தடைக்காலம்.
அறுபத்தொரு நாள் விசைப்படகு போகாது,
மீன் வராத வீட்டில் குழம்புக்கு என்ன வேலை.

ஆனால் அரிசி நகர்ந்துகொண்டிருந்தது.
எண்ணெய் நகர்ந்தது, பால்மாவு நகர்ந்தது.
கல்லாப்பெட்டி மட்டும்
கரையேற்றிய படகு மாதிரி கிடந்தது.

சொல்லாமல் போய் நின்றேன் ஒரு ராத்திரி.
குமுதவல்லி கணக்கு முடித்துக்கொண்டிருந்தாள்.
திரையின் ஓரத்தில் மஞ்சளாக 43.
‘இது என்ன?’
‘ஹோல்டுக்கா.’

பில் போடும்போது ஒருத்தருக்கு
பால் பாக்கெட் ஞாபகம் வரும், உள்ளே ஓடுவார்.
அவர் பில்லை நிறுத்திவைத்து
அடுத்தவரைப் பார்ப்பதற்கு உண்டானது அது.
இரண்டு நிமிஷத்துக்கு.
முப்பத்தெட்டு நாளாக நின்றிருந்தது ஒன்று.

நிறுத்திவைக்க ஒரு பெயர் கேட்கும் மெஷின்.
கொடுத்திருந்தாள்:
நீலக்கதவு.
ரெட்டைப்புள்ள.
ஐஸ் கம்பெனி மாமா.
எட்டாம் நம்பர் படகு.
மருமகளுக்குத் தெரியக்கூடாது.
முதலாளி.

முதலாளியைத் திறந்து பார்த்தேன்.
கடை திறந்த அன்று
வந்தவர்களுக்கு நான் எடுத்துக் கொடுத்த
பன்னீர் சோடா பதினொன்று.
இருநூற்று இருபது ரூபாய்.

‘எல்லாருக்கும் ஒரே சட்டம்னு
நீங்கதானக்கா சொன்னீங்க.’

மொத்தத்தைக் கூட்டச் சொன்னேன்.
ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.
ஐந்தாம் தேதி பேங்குக்குக் கட்டவேண்டியதைவிட
நாலாயிரம் அதிகம்.
கோபம் வந்தது.
எங்கே இறக்கிவைப்பதென்று தெரியாமல்
பிஸ்கட் வரிசையை நேராக்கினேன்.
அவள் விளக்குமாறை எடுத்துக்கொண்டாள்.
சீட்டுக் கிழிக்கப்போகிறேன் என்று
நினைத்திருப்பாள்.
நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பர்ஸைத் திறந்து இருநூற்று இருபது எண்ணி வைத்தேன்.
மெஷின் கரகரவென்று ஒரு பில் துப்பியது.
42.

அந்த மாதத் தவணைக்கு
வளையலும் செயினோடு போய்ச் சேர்ந்தது.

ஆனி பிறந்த அன்று விடியற்காலையில்
படகுகள் போன சத்தம்
மஞ்சக்குப்பம் வரை கேட்டிருக்காது.
எனக்குக் கேட்டது.
பத்து நாளில் பத்தொன்பது, ஆடியில் ஆறு.
புளி எழுந்து உட்கார்ந்தது.
ஐஸ் கம்பெனி மாமா
ஐந்நூறு ரூபாய்த் தாளை ஈரத்தோடு நீட்ட,
குமுதவல்லி அதை ஃபேனுக்கு நேரே
பிடித்துக்கொண்டே நின்றாளாம்.
எட்டாம் நம்பர் மட்டும் கேரளப் பக்கம் போய்விட்டது.
வராது. எழுதிவிட்டேன்.

செம்மண்டலத்தில் நாலாவது கடை.
சாஃப்ட்வேர் போட வந்த நஸ்ருதீனிடம்
எத்தனை பில் நிறுத்தலாம் என்று கேட்டேன்.
‘தொண்ணூத்தொம்போது. அவ்ளோ பேரா பால் மறப்பாங்க?’
‘மறப்பாங்க தம்பி’ என்றேன்.

நேற்று குமுதவல்லி கூப்பிட்டாள்.
நீலக்கதவு வீட்டில்
கதவுக்குப் பச்சை அடித்துவிட்டார்களாம்.
பாக்கி இன்னும் எழுநூறு.
‘பேரை மாத்தட்டுமாக்கா?’